ஒருவர் வாசிக்க, வீடு கேட்க

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒருவர் கிறிஸ்தவராகவே நீடிப்பதற்கு விலை உண்டு. அந்த விலை அரசு ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக வைத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். சேரியில் பிறந்து, சேரியிலேயே வாழ்ந்து, தன் சமயத்தைச் சான்றிதழில் மறைக்காமல் எழுதிக்கொண்டவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். தனித்தொகுதியில் நிற்கும் உரிமை, பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு எல்லாம் கைவிட்டுப் போகின்றன. தெருவோ, தெருவைப் பார்க்கும் ஊரின் பார்வையோ மாறுவதில்லை.

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. அங்குள்ள மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். சமயம் மாறியதால் அந்தத் தகுதி போவதில்லை. ஆனால் மலைக் கிராமத்தில் குலம், ஊர்த் திருவிழா, கொண்டான் கொடுத்தான் உறவு எல்லாம் ஒரே பின்னலாக இருக்கின்றன. அதிலிருந்து ஓர் இழையை உருவுகிறவர் மற்ற இழைகளின் இழுப்பையும் தாங்கித்தான் ஆகவேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் இங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நீடித்திருக்கின்றன. மிஷன் பள்ளியும் ஆஸ்பத்திரியும்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பிழைப்புக்காகச் சேர்ந்தவர் பிழைப்புக்காகவே விலகியும் இருப்பார்; விலகினால் சலுகை கிடைக்கும் என்ற நிலை வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்படியும் விலகாதவர்களுக்குப் பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அதிசயங்களும் சுகமளிப்புகளும் என்பார்கள் வேறு சிலர். அவை ஒருவரை உள்ளே அழைத்து வரலாம். அடுத்த அதிசயம் வராத பத்து ஆண்டுகளில் அவரை உட்கார வைப்பது எது? வேதாகமத்தைத் தவறாமல் வாசிக்கும் பழக்கம் என்பதே என் பதில். அந்தப் பழக்கம் இந்த மண்ணில் எந்த வடிவில் இருந்தது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம் என்றும் நினைக்கிறேன்.

முடிவுவரை நிலைநிற்பது பற்றிக் கிறிஸ்தவ இறையியல் நீண்ட வாதம் நடத்தியிருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீனார் தம் கடைசி ஆண்டுகளில், ஏறத்தாழ 429-இல், நிலைத்திருத்தல் என்னும் வரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1618–19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபை மாமன்றம், கடவுள் உண்மையாகவே தெரிந்துகொண்டவர் இறுதியில் விழுந்துபோகமாட்டார் என்று தீர்மானித்தது. லூத்தரன் மரபு அவ்வளவு தூரம் போகவில்லை. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, விசுவாசி பரிசுத்த ஆவியை இழந்துபோக முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறது. விசுவாசத்தைப் பிறப்பிப்பதும் காப்பதும் வார்த்தையே; வார்த்தையை விட்டால் விசுவாசம் வாடும். கள்ளக்குறிச்சிக்கு வந்த சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) கிறிஸ்தவம் பெரும்பாலும் இந்த லூத்தரன் வழியில் வந்தது. ஆகவே இங்கே வேத வாசிப்பு பக்தியின் கூடுதல் அலங்காரமாகக் கருதப்படவில்லை. விசுவாசத்தின் உயிரே அதில் இருப்பதாகப் போதிக்கப்பட்டது.

அந்த வழி வந்த விதமும் நினைவில் இருக்க வேண்டியது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதா என்ற சர்ச்சையில் தம் மிஷனோடு முரண்பட்டு வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் பணியைத் தொடங்கினார். 1821-இல் உருவான டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து பணி திருக்கோவிலூருக்கும், திருவண்ணாமலைக்கும், கள்ளக்குறிச்சிக்கும் விரிந்தது. சுதந்திரத்துக்குப் பின் அது ஆற்காடு லூத்தரன் திருச்சபையாகத் தன் காலில் நின்றது, தலைமையிடம் கடலூர். சாதியை மறுத்து வெளியே வந்த ஒருவரின் தொடக்கம் இது என்பதைச் சபைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

இந்தச் சபைகளில் யார் வேதத்தை வாசித்தார்கள்? பெரும்பாலோர் வாசிக்கவில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. தமிழ்நாட்டின் சீர்திருத்த மிஷன்கள் அனைத்துக்கும் முதுகெலும்பாக இருந்தவர் உபதேசியார்தான். வெள்ளைக்கார ஐயர் மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ வண்டி கட்டி வருவார். உபதேசியார் ஊரிலேயே இருப்பார். கூலி வேலை முடிந்து, கஞ்சி குடித்து, சனம் கூடும் நேரத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பார், விளக்குவார், பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், மறுநாளும் அதையே செய்வார். வீட்டுக்குள் போகும் வேலையைப் பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண்கள் செய்தார்கள். ஆண்கள் நுழைய முடியாத அடுக்களை வாசலில் உட்கார்ந்து பெண்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். இந்த மரபு தரங்கம்பாடியிலிருந்து வருவது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். 1715-இல் அது அச்சேறியது, இந்திய மொழிகளில் முதலாவதாக. ஆனால் அந்தப் புத்தகத்தை ஊர் ஊராகக் குரலாக்கியவர்கள் தமிழ் உபதேசிகள். அவர்களில் ஒருவரான கடலூரில் பிறந்த ஆரோன், 1733-இல் குருப்பட்டம் பெற்று இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைப் போதகரானார்.

வேதாகமமே வாசிப்பை இப்படித்தான் கற்பனை செய்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் வாசிப்பவர் ஒருவர், கேட்பவர்கள் பலர். இரு தரப்புக்கும் ஆசி. பவுல் இளைஞனான தீமோத்தேயுவுக்குச் சொல்லும் முதல் கடமைகளில் ஒன்று சபை முன் வாசிப்பது. ரோமருக்கு எழுதியதில், முன்பு எழுதப்பட்ட வேதம் பொறுமையையும் ஆறுதலையும் தந்து நம்பிக்கையைக் காக்கிறது என்று அவர் நிலைத்திருத்தலையும் வேதத்தையும் நேரடியாகவே முடிச்சுப் போடுகிறார். அந்தக் கடிதத்தைப் பெற்ற ரோமாபுரிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அதைக் காதால்தான் படித்தார்கள்.

காதால் படித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கியத் திருப்புதல் 1871-இல் வெளிவந்தது. அதைவிடத் திருத்தமான மொழிபெயர்ப்பு வேண்டும் என்று வேதாகமச் சங்கம் லார்சனிடம் பொறுப்பை ஒப்படைத்தது. டேனிஷ் மிஷனரியாக 1889-இல் இந்தியா வந்து, பின்னர் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்த அறிஞர் அவர். 1936-இல் அவருடைய முழு வேதாகமம் வந்தது. பவரின் பதிப்பைவிட மூலத்துக்கு நெருக்கமானது என்று அறிஞர்கள் ஏற்றார்கள், சபைகள் ஏற்கவில்லை. அதன் பின் வந்த திருத்தங்களும் பவரை அசைக்க முடியவில்லை. இன்றும் சீர்திருத்தச் சபைகளின் பீடத்தில் இருப்பது அந்தப் பழைய வேதாகமமே. இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன்: மூன்று தலைமுறை நாள்தோறும் கேட்ட சொற்கள் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சொந்தச் சொத்தாகிவிட்டன. துக்க வீட்டில் யார் புத்தகத்தைத் தேடுகிறார்கள்? வாயில் இருப்பதுதான் வருகிறது.

தவறாத வாசிப்பு நிலைத்திருத்தலைத் தருகிறது என்று சொல்லிவிடலாம், நிறுவுவது கடினம். உறுதியான விசுவாசி என்பதாலேயே அவர் வாசிக்கிறார் என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். வரலாற்றில் சில சமூகங்களை ஒப்பிட்டால்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

முதலாவது நம் அண்டையில், யாழ்ப்பாணத்தில். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், சீர்திருத்தக் கிறிஸ்தவத்தை அரசு மதமாக நடத்தினார்கள். பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் சொத்துரிமைக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. பதிவேடுகளில் இலட்சக்கணக்கானோர் ஏறினார்கள். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் சில ஆண்டுகளிலேயே மறைந்துபோனார்கள். அதே காலத்தில், அதே ஒல்லாந்தரால் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்கள் நிலைத்தார்கள். 1687-இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவாக் குரு யோசேப் வாஸும், பின்னர் வந்த யாக்கோமே கொன்சால்வெஸும் அவர்களைத் தேடித் தேடிப் போனார்கள். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நற்செய்திக் கதைகளையும் செபங்களையும் எழுதிக் கொடுத்தார். அவர்கள் கையில் அச்சிட்ட வேதாகமம் இல்லை. வீட்டில் நாள்தோறும் சொல்லப்பட்ட செபம் இருந்தது. அதில் வேதத்தின் கதை இருந்தது. ஆகவே அச்சிட்ட புத்தகம் இல்லாவிட்டால் நிலைக்கவே முடியாது என்று சொன்னால் அது பொய்யாகும். வீட்டில் குரல் இல்லாத இடத்தில் பதிவேடு காப்பாற்றவில்லை என்பதே சரி.

ஜப்பான் இன்னொரு பாடம் தருகிறது. 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. குருக்கள் இல்லை, வேதம் இல்லை. ஆனாலும் நாகசாகிப் பக்கத்து மீனவர்களும் உழவர்களும் மனப்பாடச் செபங்களை வைத்துக்கொண்டே இரண்டரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். 1865-இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து தங்களை வெளிப்படுத்தியபோது உலகம் வியந்தது. அந்த விடாப்பிடியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்களின் செபங்கள் பொருள் புரியாத ஒலிகளாகத் தேய்ந்திருந்தன. படைப்பின் கதையும் இயேசுவின் கதையும் உள்ளூர்க் கதைகளோடு கலந்து வேறொன்றாகியிருந்தன. தடை நீங்கிய பிறகும் ஒரு பகுதியினர் திருச்சபைக்குத் திரும்பவில்லை. மூதாதையர் கொடுத்ததே தங்கள் மதம் என்றார்கள்.

மடகாஸ்கரில் நடந்தது நேர் எதிர். 1835-இல் மலகாசி மொழியில் முழு வேதாகமம் அச்சாகி முடிந்தது. அதே ஆண்டு ராணி ரனவலோனா கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். மிஷனரிகள் வெளியேறினார்கள். 1861-இல் ராணி இறக்கும்வரை கொலைகளும் நாடுகடத்தல்களும் நடந்தன. விசுவாசிகள் வேதாகமங்களை மண்ணில் புதைத்து வைத்து, இரவில் எடுத்து வாசித்து, கையால் படியெடுத்துப் பகிர்ந்தார்கள். மிஷனரிகள் திரும்பி வந்தபோது சபை அழிந்திருக்கவில்லை. அவர்கள் விட்டுப்போனதைவிடப் பெருகியிருந்தது. போதனையும் அடையாளம் மாறாமல் இருந்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வேலைகள் தெரிகின்றன. தவறாமல் செய்வது ஒரு சமூகத்தைக் கலையாமல் வைக்கிறது. இதைச் செபமும் செய்யும், பாட்டும் செய்யும். எதில் நிலைத்திருக்கிறோம் என்பதைத் திருத்திக்கொண்டே இருப்பது வேறொரு வேலை. மனப்பாடச் செபம் நம்மை எதிர்த்துப் பேசாது. புத்தகம் பேசும். நாம் கேட்க விரும்பாத அதிகாரத்தையும் அது தன் முறை வந்ததும் நம் முன் வைக்கும்.

இன்றைய ஆய்வுகளும் முதல் வேலையைப் பற்றி ஓரளவு பேசுகின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக ஊன்றிப்போக நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஒருவருக்கொருவர் 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை என்பதும் தெரிந்தது. ஒருநாள் விட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்விலேயே மொத்தமாக விட்டுவிடும் விசுவாசிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மானுடவியலாளர் டான்யா லூர்மன், நூறு பேருக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், அரைமணி நேரம் ஒலிப்பதிவு கேட்கவைத்தார். ஒரு பிரிவினர் நற்செய்திகளைப் பற்றிய விரிவுரை கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் வேதக் காட்சிக்குள் தங்களை நிறுத்தி செபிக்க வழிகாட்டப்பட்டார்கள். கடவுள் அருகில் இருக்கும் உணர்வு கூடியதாகச் சொன்னவர்கள் இரண்டாம் பிரிவில் அதிகம். வேதத்தைப் பற்றிய தகவல் கேட்பதும் வேதத்துக்குள் இருந்து கேட்பதும் ஒன்றாகாது என்பதை என் பாட்டி தலைமுறைக்கு யாரும் ஆய்வு செய்து காட்ட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வேலைக்கு வருகிறேன். இங்கேதான் நம் மாவட்டம் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூர் பழமையான கத்தோலிக்க ஊர். அங்கே வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே விசுவாசத்தில் தலைமுறைகளாக நிலைத்திருக்கிறார்கள். கல்லறையும் ஊர்வலப் பாதையும் பிரிந்தே இருந்தன. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். லூத்தரன் சபைகளும் இந்தப் பழியிலிருந்து விலகி நின்று பேச முடியாது. பெயரளவில் நிலைத்திருத்தல் எவ்வளவு போதாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரம், சபையில் பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தரையும் காட்டுகிறவர்களைக் கடிந்துகொள்கிறது. ஞாயிறு வழிபாட்டை மட்டும் நம்பியிருக்கும் கத்தோலிக்கருக்கு, 1969-இல் வந்த மூன்றாண்டு வாசகச் சுழற்சியில், இந்தப் பகுதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அந்த ஞாயிறு கரும்பு வெட்டுக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் மூன்று ஆண்டு. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விசுவாசிகள் எல்லோரும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்கு உழைத்த நிலையம் பக்கத்துத் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. எளிய தமிழ், இரு தரப்புக்கும் பொதுவான நூல். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஊர்வலப் பாதைக்குச் சண்டை போட்டால் யாக்கோபு என்ன செய்வார்?

சீர்திருத்தச் சபைகளில் வேறொரு நோய் இருக்கிறது. புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டை, காலையில் வாட்ஸ்அப்பில் வரும் பூப்படத்து வசனம், இவையே பல வீடுகளில் வேத வாசிப்பாகிவிட்டன. வந்து விழும் வசனம் எப்போதும் ஆசீர்வாதமாகவே இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி எந்த அட்டையில் வருகிறார்? யோபுவின் புலம்பல் யாருக்கு விழுகிறது? பயிர் கருகி, கடன் ஏறி, பிள்ளை சாகக் கிடக்கும்போது கையில் இருப்பது ஆசீர்வாத அட்டை மட்டும் என்றால், கடவுள் சொன்ன சொல் தவறிவிட்டார் என்றுதான் தோன்றும். யோபுவை முழுக்க வாசித்திருந்தவருக்கு அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்கலாம் என்பது தெரியும். விலகிப்போகிறவர்களில் பலர் வேதத்தை நம்பாமல் விலகவில்லை. வேதத்தின் துண்டுகளை மட்டும் நம்பி ஏமாந்துதான் விலகுகிறார்கள்.

கல்வராயன் மலையில் இதெல்லாம் இன்னும் கூர்மையாகிறது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துக் கிராமங்களில் சாமையும் மரவள்ளியும் குடும்பத்தை ஆண்டு முழுக்கக் காப்பதில்லை; வேலைக்காகக் கேரளம், கர்நாடகத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி இன்னும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு, மாநிலத்துக்கு 80. மலைப்பகுதி அந்த 72-ஐயும் எட்டாத இடம். இப்படிப்பட்ட ஊரில் 'தினமும் தனியே அமைதியாக உட்கார்ந்து வேதம் வாசியுங்கள்' என்ற நகரத்து அறிவுரையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வாசிக்கத் தெரியாதவரிடம் அவருடைய குறையைச் சொல்லிக்காட்டுவதாகவே முடியும். அந்த அறிவுரை நல்லதுதான். மிஷனரிக் காலத்து உபதேசியார் மரபு அதைவிட இந்த மண்ணுக்குப் பொருந்தியது.

உபதேசியார்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஆனால் முன்பு இல்லாத ஒருவர் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்: பள்ளிக்குப் போகும் பிள்ளை. பாட்டிக்குத் தெரியாத எழுத்து பேத்திக்குத் தெரியும். தோட்ட வேலைக்குப் போன அப்பாவிடம் கைப்பேசி இருக்கிறது. தமிழ் வேதாகமத்தின் ஒலிப்பதிவைக் கேட்க இன்று எழுத்தும் தேவையில்லை. இதற்குப் புதிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. போதகர்களும் பங்குத் தந்தைகளும் ஆலயத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் அக்கறையில் பாதியையாவது எத்தனை வீட்டில் மாலையில் வேதம் ஒலிக்கிறது என்று கேட்பதில் காட்டினால் போதும்.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் ஒன்பது மாதத்துக்குள் முடிந்துவிடும். முழு வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களுக்கு மூன்றேகால் ஆண்டு. மாற்குவில் தொடங்குங்கள், அது பதினாறே அதிகாரம். வீட்டில் படிக்கத் தெரிந்தவர்களில் இளையவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். கடினமான அதிகாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள்.